கதைக்கு நிதி கேட்கிறவர்களே, முதலில் "கதை"யை ஒழுங்காக அச்சடியுங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் தொங்குகிற அந்த எட்டடிப் பனரைப் பார்த்தீர்கள்தானே? சமூகக் கதைசொல்லலுக்கு நிதி சேர்க்கிறார்களாம், மும்மொழியில். சிங்களம் சரி, ஆங்கிலம் சரி. தமிழில் "கதை" இருக்கவேண்டிய இடத்தில் ககரம், தகரம், அதற்குப் பிறகு அந்தரத்தில் ஒரு ஐகாரக் குறி! அடுத்த சொல் "கேட்போம்". ககரத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய இரட்டைக்கொம்பு ககரத்தைத் தாண்டி டகரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பகரத்துக்குப் பின்னால் கொம்பும் காலும் ஒரே பக்கம்.

வடிவமைத்தவர் பார்த்தார். குழு பார்த்து "ஓகே" சொன்னது. அச்சகத்தில் கோப்பைத் திறந்தவர் பார்த்தார், ஃபிளெக்ஸை வெட்டி வளையம் அடித்தவர் பார்த்தார், கம்பத்தில் ஏறிக் கட்டியவரும் பார்த்தார். வெள்ளவத்தையில், இத்தனை கண்ணில், தமிழ் வாசிக்கிற ஒரு கண்கூடவா இல்லை? 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. இன்னும் கடைசி வரியில், ஆகச் சிறிய அளவில், அதுவும் உடைந்து!

இது தலைவிதியல்ல, ஒரு செட்டிங். கணினிகளுக்குப் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடில் "கதை" சேமிக்கப்படும் வரிசை க, த, பிறகு ஐகாரக் குறி. அந்தக் குறியைத் தகரத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. வடிவமைப்பு மென்பொருளான இலஸ்ட்ரேட்டரில் பிரிபரன்சஸ், டைப் பகுதியில் "ஷோ இண்டிக் ஒப்ஷன்ஸ்" போட்டு, பரகிராப் பலகத்தில் எழுத்துகளைச் சரியாகக் கோக்கிற தெற்காசிய கம்போசரைத் தெரிவுசெய்யுங்கள். இன்டிசைனில் "வேர்ல்ட்-ரெடி" கம்போசர். அரை நிமிடம் போதும்.

யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினிக்கு ஓடுவது தீர்வல்ல. அதில் "கதை" என்பது உள்ளே எஃப், ஐ, ஜே என்ற ஆங்கில எழுத்துகள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அதுதான் அச்சாகும். நோட்டோ சான்ஸ் எழுத்துருக் குடும்பத்தில் தமிழும் சிங்களமும் இலவசமாகவே இருக்கின்றன. இரண்டும் ஒரே கனத்தில் பொருந்தும். வரிகளைச் சரிபார்த்த பிறகு எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது வெறும் வரைவடிவமாக, மாற்றி பிடிஎஃப் அனுப்புங்கள், திருத்தக்கூடிய பிரதியை வேறாக வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த எழுத்தை அவுட்லைன் ஆக்கினால் உடைந்தபடியே உறைந்துவிடும்; அச்சகத்தில் யாரும் காப்பாற்ற முடியாது.

இடம் போதவில்லை என்று தமிழைப் பக்கவாட்டில் நசுக்காதீர்கள். எழுத்திடைவெளியைக் கூட்டிக் கொம்பைப் பிய்க்காதீர்கள். ஆங்கிலத்துக்குப் போட்ட வரியிடைவெளியைத் தமிழுக்கும் போட்டால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகர விசிறியும் மோதும். தமிழ் வரி நீளும். முதலில் தமிழை வைத்து இலச்சினையை வரையுங்கள், மற்ற இரண்டும் தானாக அடங்கும்.

இலச்சினையை வட்ஸ்அப்பில் படமாக அனுப்புகிற பழக்கம் எப்போது ஒழியும்? 1600 பிக்சல் படத்தை 8 அடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 17 பிக்சல்கூடத் தேறாது. எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் கோப்பு கேளுங்கள்!

காசு வரவேண்டிய கியூஆர் குறியையோ ஆலமரப் படத்தின்மேல் ஒட்டியிருக்கிறார்கள். சுற்றிவர, குறியில் உள்ள சிறு கட்டங்களில் நான்கின் அகலத்துக்கு வெற்றிடம் வேண்டும், வெளிர்ப் பின்னணியில் கருமை வேண்டும். இல்லையென்றால் தொலைபேசி அதைக் கண்டுபிடிக்கத் திணறும், கொடுக்க வந்தவரும் போய்விடுவார்.

இன்னொன்று. 6 மணி என்று பனரில் போட்டால் நிகழ்ச்சியை 6 மணிக்கே தொடங்குங்கள். ஏழேகால் வரைக்கும் மைக் சோதனை கேட்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.