கத்தரிச்சுப் பாத்திட்டுச் சொல்லுங்கோ

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கட படக்காட்சியில நடந்தது, திருகோணமலையில சேந்து படம் போட்டுப் பாக்கிற எங்கட குழுவில இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அதைத் திருப்பி எழுதி ஆரையும் நோகடிக்கிற எண்ணம் எனக்கில்லை. ஆனா 'குடும்பத்தோட பாக்கக் காதல் நகைச்சுவைப் படம்' எண்டு நோட்டீஸ் போட்டு, உவர்மலையில இருந்தும் பாலையூற்றில இருந்தும் அம்மாமாரையும் பிள்ளையளையும் வரப்பண்ணி, ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பாத்துப் பெருமூச்சு விட்டு விட்டுக் கடைசியில பிரிஞ்சு போற படத்தைப் போட்டால் அதுக்கு என்ன பேர் வைக்கிறது? படம் நல்ல படம்தான். அதில எனக்குச் சண்டை இல்லை. ஆனா சனம் சிரிச்சது மூண்டே மூண்டு இடத்தில. இடைவேளைக்குப் பிறகு பிள்ளையள் பிளாஸ்டிக் கதிரையில தலையைச் சரிச்சு நித்திரை.

அதைச் சொன்னதுக்குக் கிடைச்ச மறுமொழி: "படத்தில காமெடியன் இருக்கிறார்தானே, பிறகென்ன?" அதுக்குப் பிறகு, நான் குழுவுக்குச் சேர்த்துத் தந்த காதல் நகைச்சுவைப் பட லிஸ்டைப் பற்றி இன்னொண்டு: "நீங்க தந்தது லேடீஸ் லிஸ்ட்." அந்த ரெண்டாவதுக்குக் கீழ பதினாலு சிரிப்புப் பொம்மை (இமோஜி). எண்ணிப் பாத்தன்.

சரி, முதலாவதுக்கு முதல் வாறன்.

காதல் படத்துக்குள்ள காமெடி இருக்கிறது வேற. காதலே காமெடியா நடக்கிறது வேற. இதுதான் நான் சொல்ல வந்தது, இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கத் திருப்பித் திருப்பிச் சொல்லப் போறன். அலுப்பெண்டால் இப்பவே கீழ போகலாம்.

ஒரு படம் இந்த வகையோ இல்லையோ எண்டு பாக்க ஒரு வழி இருக்கு. மனசுக்குள்ள ஒரு கத்தரிக்கோலை எடுங்கோ. காமெடியன் வாற காட்சி எல்லாத்தையும் வெட்டுங்கோ. மிச்சத்தை ஓட்டிப் பாருங்கோ. கதை ஒரு காயமும் இல்லாமல் நடந்து போகுதெண்டால் அது காதல் படம், காமெடி அதில தொடுகறி. கதை அந்த இடத்திலயே விழுந்து போனால்தான் அது காதல் நகைச்சுவை.

தமிழ்ப் படத்துக்கு இந்தப் பரிசோதனை ஏன் கட்டாயம் எண்டால், எங்கட சினிமாவில காமெடியைத் தனிச் சாமானாச் செய்த வரலாறு ஒண்டு இருக்கு. என். எஸ். கிருஷ்ணன் காலத்திலயே நகைச்சுவைப் பகுதியைத் தனியா எழுதி, தனியா எடுத்து, பிறகு படத்தோட சேர்த்திருக்கினம். கவுண்டமணி–செந்தில் காலத்தில அந்தப் பகுதியை மட்டும் எழுதிக் குடுக்க ஏ. வீரப்பன் மாதிரி ஆக்கள் இருந்தவை. அதை நான் குறை சொல்லேல்லை, அந்தத் துண்டுகளை இண்டைக்கும் பஸ்ஸில போட்டால் பஸ்ஸே சிரிக்கும். ஆனா துண்டு துண்டுதான். அதை வைச்சு முழுப்படத்துக்கும் லேபல் ஒட்ட ஏலாது. இடியப்பம் கேட்டவனுக்குப் புட்டை வைச்சிட்டு "ரெண்டும் மாதானே" எண்டு நிக்கிற கதை இது.

இப்ப என்ர லிஸ்ட். 'லேடீஸ் லிஸ்ட்.'

முதல் படம் மிஸ்ஸியம்மா, 1955, எல். வி. பிரசாத். வேலையில்லாத ரெண்டு பட்டதாரிகள். பள்ளிக்கூடத்தில படிப்பிக்க ஆள் வேணும், ஆனா புருசன் பெண்சாதியாத்தான் வேணும். வயித்துப்பாட்டுக்காக ஜெமினியும் சாவித்திரியும் கலியாணம் கட்டின மாதிரி நடிக்கப் போகினம். அவ கிறிஸ்தவப் பெட்டை, இவர் சைவம். ஊருக்கு முன்னால அவ "பெண்சாதி", கதவைச் சாத்தினாப் பிறகு அவவின்ர முகத்தைப் பாக்க வேணும். ஒவ்வொரு முறையும் ஆரோ அவவை அந்த மனுசன்ர பெண்சாதி எண்டு கூப்பிடேக்க சாவித்திரி அரைச் செக்கனுக்கு முகத்தைச் சுழிச்சு, உடன சிரிப்பா மாத்துவா. அந்த அரைச் செக்கன்தான் படம். தங்கவேலு துப்பறியிறன் எண்டு திரியிறாரே, அவரைக் கத்தரிச்சுப் பாருங்கோ: அவ ஆரெண்ட முடிச்சு அவிழாது, கதை நடுவில தொங்கும். காமெடியனே கதையைத் திறக்கிற திறப்பு. வாராயோ வெண்ணிலாவே பாட்டுக்காக மட்டும் இந்தப் படத்தை ஞாபகம் வைச்சிருக்கிற ஆக்களைப் பாத்தால் எனக்குக் கொஞ்சம் வயித்தெரிச்சல்தான்.

"கறுப்பு வெள்ளை, பொடியள் இருந்து பாக்க மாட்டாங்கள்" எண்டும் ஒருத்தர் எழுதியிருந்தார். பாக்க மாட்டாங்கள்தான், நீங்க போடுற மாதிரிப் போட்டால். பழைய படத்தின்ர சட்டம் கிட்டத்தட்டச் சதுரம், நாலுக்கு மூண்டு. இப்பத்தை ரிவியும் புரொஜெக்டரும் பதினாறுக்கு ஒன்பது. செற்றிங்கில 'முழுத்திரை' எண்டு அழுத்தி விட்டால் படம் பக்கவாட்டில இழுபட்டு, சாவித்திரிக்குப் பூசணிக்காய் முகம், ஜெமினி கட்டை மனுசன். படத்தின்ர அளவு எண்டிற இடத்துக்குப் போய் நாலுக்கு மூண்டையோ 'ஒரிஜினல்' எண்டிறதையோ எடுங்கோ. ரெண்டு கரையிலயும் கறுப்பு வரும், வரட்டும். யூடியூப்பில இருக்கிற பிரதியளில சிலது பாட்டு வெட்டினது, சிலது சத்தம் உதட்டுக்குப் பிந்தினது. இறக்க முதல் நடுவில ஒரு இடம், கடைசியில ஒரு இடம் எண்டு ஓட்டிப் பாக்க வேணும். மூண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓடுற படம், அதால நடுவில பிளேன்டீக்கு நிப்பாட்டுறது கட்டாயம்.

ரெண்டாவது காதலிக்க நேரமில்லை, 1964, ஸ்ரீதர், கோபுவோட சேந்து எழுதினது. தன்னை வேலையால நிப்பாட்டின பணக்காரர் பாலையாவின்ர மகளையே ரவிச்சந்திரன் காதலிச்சு, அந்த மனுசனை ஏமாத்த முத்துராமனுக்குக் கிழவன் வேசம் போட்டுப் பொய்க்கு மேல பொய் அடுக்கிற கதை. பாலையா ஏமாறுறதை நிப்பாட்டினால் காதலும் நிக்கும். இதுக்கு உடன ஒருத்தர் வருவார் எண்டு தெரியும்: "அப்ப நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லுற காட்சி? அதை வெட்டினாலும் கதை போகுமே, உங்கட கத்தரிக்கோல் என்ன சொல்லுது?" போகும். ஒத்துக்கொள்ளுறன். ஆனா அந்தக் காட்சியை வெட்டுறன் எண்டு கத்தரிக்கோலை எடுக்கிற ஆளோட எனக்குக் கதை இல்லை. அடுத்த படத்துக்குப் போவம்.

இன்று போய் நாளை வா, 1981, பாக்யராஜ். மூண்டு கூட்டாளியள், ஒரு பெட்டை. ராதிகா வீட்டுக்குள்ள கால் வைக்கிறதுக்காக ஹிந்தி படிக்கப் போன பொடியன்ர வாயில ஒரு லேசான வசனம் 'ரகு தாத்தா'வா மாறின கதை எல்லாருக்கும் தெரியும். அந்தப் பகிடி தனித்துண்டா இருந்தால் ஒரு நிமிசம் சிரிச்சிட்டு மறந்திருப்பியள். அவன் படிக்கிறது ஹிந்திக்காக இல்லை, பெட்டைக்காக. அதாலதான் அது நாப்பது வருசம் தாண்டி நிக்குது. 2013இல கண்ணா லட்டு தின்ன ஆசையா எண்டு திருப்பியும் எடுத்தவை. ரெண்டையும் அடுத்தடுத்துப் போடாதேங்கோ, ரெண்டாவதுக்கு அநியாயம்.

"உங்கட பழைய படத்தில மட்டும் பொடியள் பெட்டைக்குப் பின்னால திரியேல்லையோ?" திரிஞ்சவங்கள். படம் அவங்களைத்தான் விசரன்கள் எண்டு காட்டுது. அவ்வளவுதான் மறுமொழி.

இப்ப அந்தப் பெரிய மனுசத்தனமான கருத்துக்கு வாறன். "பாலு மகேந்திரா மாதிரி ஆக்களின்ர படத்தைப் பாத்து வளந்த ஆக்களுக்கு இந்த லேசான படங்கள் ஒத்துவராது." எனக்குச் சிரிப்புத் தாங்கேல்லை. மட்டக்களப்பு அமிர்தகழியில பிறந்த மனுசன், எங்கட கிழக்கு மண். மூன்றாம் பிறை எடுத்தவர்தான். அதே மனுசன்தான் 1987இல ரெட்டை வால் குருவி எடுத்தது. ரெண்டு பொம்பிளையளுக்கு நடுவில ஓடுற மோகன், ஒரு பக்கம் அர்ச்சனா, மற்றப் பக்கம் ராதிகா. அதே மனுசன்தான் 1995இல சதி லீலாவதி எடுத்தது. வசனம் கிரேசி மோகன். கூட்டாளியின்ர களவுத் தொடர்பை மறைக்கப் போய்க் கமல் முழிக்கிறதும், கோவை சரளா கொங்குத் தமிழில அவரை உரிச்செடுக்கிறதும். அந்தக் கூட்டாளியின்ர பெண்சாதியா வாற கல்பனாவின்ர முகத்தில இருக்கிற நோவுக்கு மேலதான் அந்தச் சிரிப்பு முழுக்க நிக்குது. லேசான படமாம். அவற்ற பேரைச் சொல்லிப் பயப்படுத்த முதல் அவற்ற படங்களை முழுக்கப் பாத்திருக்கலாம்.

வெளியில போனாலும் இதே கதைதான். 1934இல ஃப்ராங்க் கப்ரா எடுத்த இட் ஹப்பண்ட் ஒன் நைட் படத்துக்கு ஒஸ்காரில சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை எண்டு பெரிய விருது அஞ்சும் ஒண்டாக் கிடைச்சது. அப்பிடி அஞ்சையும் அள்ளின முதல் படம் அது. புருசன் பெண்சாதி இல்லாத ரெண்டு பேருக்கு ஒரு அறை, ரெண்டு கட்டில், நடுவில கயித்தைக் கட்டி ஒரு போர்வையைத் தொங்க விடுறான் கதாநாயகன். காதலும் பகிடியும் அந்தப் போர்வைதான். அதை எடுத்தால் ரெண்டும் இல்லை.

புதுப் படம் கேட்ட பொடியளுக்கு: காதலில் சொதப்புவது எப்படி, 2012, பாலாஜி மோகன் தன்ர குறும்படத்தையே பெருப்பிச்சது. சித்தார்த் எங்களைப் பாத்தே கதைக்கிறதால பிள்ளையளும் விளங்கிப் பாக்குங்கள், ரெண்டு மணித்தியாலமளவில முடியும். ஓ மை கடவுளே, 2020, விவாகரத்துக்குக் கோட்டு வாசலில நிக்கிறவனுக்குக் கடவுள் ரெண்டாவது சந்தர்ப்பம் குடுக்கிறது. கலியாணம் கட்டி அஞ்சாறு வருசமான ஆக்களை முன் வரிசையில இருத்துங்கோ. லவ் டுடே, 2022, சத்தியராஜ் ரெண்டு பேரின்ர ஃபோனையும் ஒரு நாளைக்கு மாத்தச் சொன்ன நிமிசத்தில இருந்து காதலே வெடிகுண்டு. ஆனா இதைப் பிள்ளையளுக்குப் போடாதேங்கோ. பெட்டையின்ர முகத்தை ஒட்டிச் செய்த வீடியோ ஒண்டு பின்பாதியில வருது, அங்க படத்தின்ர நிறமே மாறும். முன்பாதிச் சிரிப்பை நம்பிக் குடும்பத்தோட இருந்தால் பாதியில எழும்ப வேண்டி வரும்.

திருச்சிற்றம்பலம், 2022. ஆர் ஆரைக் கட்டப் போகினம் எண்டு பத்தாவது நிமிசத்தில தெரிஞ்சிடும் எண்டு குறை சொல்லுறவை. ஓம், எங்களுக்குத் தெரியும், பாரதிராஜாத் தாத்தாவுக்குத் தெரியும், நித்யா மேனனுக்குத் தெரியும், தனுசுக்கு மட்டும் தெரியாது. பகிடி அதுதானே! நித்யாவுக்குத் தேசிய விருது கிடைச்சதும் அந்தப் படத்துக்குத்தான். அவவை வெட்டிப் பாருங்கோ.

இந்த இடத்தில எனக்கு ஒண்டு பிடிபடுது. காமெடியனை வெட்டிப் பாக்கிறது பாதிப் பரிசோதனைதான். மற்றப் பாதி, கதாநாயகியை வெட்டிப் பாக்கிறது. சாவித்திரியை வெட்டினால் படம் இல்லை. கோவை சரளாவை வெட்டினால் இல்லை. நித்யாவை வெட்டினால் இல்லை. நீங்க 'காமெடி' எண்டு போடுற கனக்கப் படத்தில கதாநாயகியை வெட்டினால் ரெண்டு பாட்டுத்தான் குறையும். பகிடியிலயும் பொம்பிளை அடி வாங்குற ஆளாத்தான் வருவா, அவவின்ர நிறம், உடம்பு, வாய். அவவும் பகிடி விடுறா, அவவுக்கும் புத்தி இருக்கு எண்டு காட்டுற படங்களைச் சேர்த்துத் தந்தால் அது 'லேடீஸ் லிஸ்ட்'. அப்ப மற்றது என்ன லிஸ்ட், அண்ணர்? மூண்டு நாள் இரவு இருந்து ஒவ்வொரு பிரதியா ஓட்டிப் பாத்துச் சேர்த்த லிஸ்ட் அது. பதினாலு சிரிப்புப் பொம்மையில ரெண்டு, என்னட்டப் படம் வாங்கிக்கொண்டு போற ஆக்களின்ர.

"ரசனை ஆளாளுக்கு வேற." வேறதான். அதுக்கு நோட்டீஸில உண்மையை எழுத வேணும்.

அடுத்த முறை போடுறவைக்கு, ஆர் போட்டாலும் சரி. ஆறே முக்காலுக்கு முதல் புரொஜெக்டரைப் போடாதேங்கோ, மேற்குப் பக்க யன்னலால வாற வெளிச்சத்தில சுவரில ஒண்டும் தெரியாது. சாமத்திய வீட்டுக்குப் பிடிக்கிற பெரிய ஸ்பீக்கர் பொக்ஸ் வேண்டாம். கிரேசி மோகன் வசனத்தில ஒரு பகிடிக்குச் சிரிச்சு முடிக்க முதல் அடுத்தது வந்திடும், பாஸ் (அடித்தொனி) கூடினால் சொல்லுக் கரைஞ்சு வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். பாஸைக் குறையுங்கோ, பொக்ஸைத் திரைக்குப் பக்கத்தில, இருக்கிற ஆளின்ர காது மட்டத்துக்கு வையுங்கோ. கோப்பில சத்தம் 5.1 (ஆறு சானலாப் பிரிச்ச சத்தம்) எண்டு இருந்தால், வசனம் நடுச் சானலில இருக்கும். ரெண்டு ஸ்பீக்கருக்கு அப்பிடியே விட்டால் பாட்டு வீட்டை இடிக்கும், கதைக்கிறது முணுமுணுப்பாக் கேக்கும். ஞாயிற்றுக்கிழமை "சத்தம் சரியில்லை" எண்டு பின் வரிசை கத்தினது இதாலதான், ஸ்பீக்கரில பிழை இல்லை. பிளேயரில ஒலியை ஸ்டீரியோவுக்கு மாத்தினால் சரி. நிலாவெளிப் பக்கம் பஸ்ஸில திரும்பிற அக்காமார் இருக்கினம், முடியிற நேரத்தையும் நோட்டீஸில போடுங்கோ.

மிஸ்ஸியம்மா, பாட்டு வெட்டாத பிரதி, பென் டிரைவில இருக்கு. கேக்கிறவைக்குத் தருவன். அந்தப் பதினாலு பேரில ஆராவது வந்தாலும் தருவன், ஆனா முதல் அந்தச் சிரிப்புப் பொம்மையை எடுத்திட்டு வாங்கோ.