கலிங்கம் என்று சொல்லி இந்தச் சொல்லைக் கழுவ முடியாது

இங்கே மலேசியாவில் ஒரு கார் நிறுத்துமிடத்தில், நம் இந்தியக் காவலாளி ஒருவரை ஒரு ஆள் திட்டும் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காவலாளி அண்ணனைப் பார்த்து அந்த ஆள் என்ன சொல்லிக் கத்தினான் என்று நான் மறுபடி எழுத வேண்டியதில்லை. அவன் மேல் வந்த கோபத்தைவிட, நேற்றிலிருந்து நம் ஆட்களே பகிர்ந்துகொண்டிருக்கும் விளக்கப் பதிவின் மேல்தான் எனக்கு எரிச்சல் அதிகம். இந்தியர்களை இழிவாகச் சொல்லும் அந்தக் ‘கெலிங்’ என்ற சொல் கலிங்கத்திலிருந்து வந்த பெயராம், பழம்பெருமை உள்ளதாம், நாம்தான் வரலாறு தெரியாமல் கோபப்படுகிறோமாம்.

சரி, வரலாற்றையே பேசுவோம். கலிங்கத்திலிருந்து வந்தது என்றுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இன்றைய ஒடிசா, வட ஆந்திரக் கரைக்கான பெயர், போகப் போக இந்தியாவின் கிழக்குக் கரையிலிருந்து வந்த எல்லோருக்கும் ஆனது. இங்கே முக்கியமாகத் தமிழர்களுக்கு. 1511ல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர்கள், நினா சத்து என்ற கெலிங் வணிகரைத்தான் ‘பெண்டஹாரா’ என்ற உயர் பதவியில் வைத்தார்கள். மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா 1849ல் வெளிவந்த தன்வரலாற்று நூலில், மலாக்காவில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாம் கணக்கு வழக்குக்காகக் ‘கெலிங்’ படிப்பது வழக்கம் என்று எழுதுகிறார். அவர் சொல்வது தமிழை. ஆக, ஒரு காலத்தில் அது மரியாதையான பெயர்தான். இதை நான் மறுக்கவே இல்லை.

நம் வீடுகளில் சொல்லும் கதை வேறு. கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கால் சங்கிலி ‘கிளிங், கிளிங்’ என்று சத்தமிட்டதால் வந்த பெயர் என்று என் பாட்டி சொல்வார். சொல்லின் பிறப்பு அதுவாக இருக்க முடியாது. இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்கு வரத் தொடங்கியது 1825ல். அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தோமே பிரெஸ் என்ற போர்த்துகீசியர் மலாக்காவின் கெலிங் வணிகர்களைப் பற்றி எழுதிவிட்டார். இதைக் காட்டி அந்தப் பதிவு பாட்டிமார்களின் அறியாமை என்று சிரிக்கிறது. அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. சங்கிலி நிஜம். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியது அந்தக் கைதிகளின் கைகள். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியே வாழ்ந்து முடித்த ஒரு பெண்ணுக்கு, அந்தச் சொல் சங்கிலிச் சத்தமாகக் கேட்டதில் என்ன அறியாமை இருக்கிறது?

மூன்றாம் படிவத்தில் ஒரு நாள், ஆசிரியை செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் வரலாற்று நூலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கெலிங் நாட்டு அரசன் ராஜா சூலான் வருகிற இடம். சோழர்களின் நினைவுதான் அந்தப் பெயரில் இருக்கிறது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆசிரியை மேல் எந்தத் தப்பும் இல்லை, நூலில் இருப்பதைச் சொன்னார். ஆனால் அவர் வாயிலிருந்து ‘கெலிங்’ வந்ததும் வகுப்பே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்தப் பிள்ளைகளில் யாருக்குக் கலிங்கம் ஞாபகம் வந்திருக்கும்? என் முகத்தைப் பார்த்தார்கள், என் நிறத்தைப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

உடனே சிலர் வருவார்கள். அப்படியானால் பினாங்கு கபித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரை மாற்றச் சொல்கிறாயா என்று. இல்லை. 1801ல் தொடங்கிய பள்ளிவாசல் அது. இந்திய முஸ்லிம்களின் தலைவருக்கு இருந்த பட்டம் அந்தப் பெயர். அது அப்படியே இருக்கட்டும். வடக்கே கம்போங் எனும் மலாய்க் கிராமங்களில் வயதான மலாய்க்காரர்கள் சாதாரணமாகச் சொல்லும்போதும் எனக்குக் கோபம் வந்ததில்லை. அவர்களுக்கு வேறு சொல் தெரியாது, வாங்க உட்காருங்க என்று சொல்லிவிட்டுத்தான் சொல்வார்கள். வண்டி நிறுத்த இடம் இல்லை என்று சொன்ன காவலாளியைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறவனும் இவர்களும் ஒன்றா?

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் மனம் புண்படுகிறது என்பது இன்னொரு வாதம். சிங்கப்பூரில் கிளிங் தெரு, சூலியா தெரு ஆனது 1920களின் தொடக்கத்தில். இந்தியர்கள் ஆட்சேபித்ததால்தான் ஆனது. இந்தோனேசியாவின் மேடான் நகரில் கம்போங் கெலிங் இப்போது கம்போங் மெட்ராஸ். 2003ல் காமூஸ் டேவான் என்ற மலாய் அகராதியில் இந்தச் சொல் இருப்பதை எதிர்த்து நம்மவர்கள் நீதிமன்றத்துக்கே போனார்கள். நூறு வருடமாக வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். இன்னும் எத்தனை காலம் சொன்னால் நம்புவீர்கள்?

நாமும்தான் வங்காளதேசத் தொழிலாளர்களை ‘பங்களா’ என்று இளக்காரமாகக் கூப்பிடுகிறோமே என்று கேட்கிறார்கள். ஆமாம், அதுவும் தப்பு. அதையும் நிறுத்த வேண்டும். ஆனால் அதைச் சொல்லி இதை மூடாதீர்கள்.

வணிகனைக் குறித்த பெயர் கூலிக்காரனைத் திட்டும் பெயராக மாறியது தானாக நடக்கவில்லை. ஆட்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து தோட்டத்து லயங்களில் அடைத்து, கங்காணி கணக்கில் கட்டிப்போட்ட பிறகு நடந்தது. அந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்துவிட்டுக் கலிங்கத்தில் போய் நின்றுகொள்கிறவர்களிடம் எனக்குப் பேச எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆனால் போன வாரம் என் மகளை வகுப்பில் ஒரு பையன் அப்படிக் கூப்பிட்டிருக்கிறான். விளையாட்டுக்குச் சொன்னதாம், பெரிதுபடுத்த வேண்டாமாம். அவள் வீட்டுக்கு வந்து சொல்லவே இல்லை, அவள் தோழியின் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறேன். அங்கேயும் யாராவது கலிங்கம் என்று ஆரம்பித்தால் மலாக்காவிலிருந்து தோட்டம் வரைக்கும் நானும் சொல்வேன், எவ்வளவு நேரமானாலும் சரி. முடித்துவிட்டு, அந்தப் பையன் சொன்னது இதில் எந்த அர்த்தத்தில் என்று கேட்பேன். பதில் வரும்வரை எழுந்து வர மாட்டேன்.