மாவடுத் தாளின் ஓரத்தில் இருந்த வரி

"எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே, இந்தக் குப்பையை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்?" என்று இனி யாராவது என்னிடம் கேட்டால், அவரோடு பேச்சையே நிறுத்திவிடுவேன். வார இதழ்களிலிருந்து அம்மா 40 ஆண்டுகளாகக் கத்தரித்துச் சேர்த்தவையும், அத்தைமார் சொல்லச் சொல்லத் தினசரிக் காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டவையுமான சமையல் குறிப்புகள் ஒரு தகரப் பெட்டியில், பூச்சி அண்டாமலிருக்க வசம்புத் துண்டுகளோடு இருந்தன. அடுப்படிக்கு வெள்ளையடித்தபோது அவற்றில் பாதியை நாளிதழ்களோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். அந்தப் பெட்டியில் இப்போது ஆணிகள் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அச்சடித்த குறிப்பு வேறெங்காவது கிடைக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அதன் ஓரத்தில் அம்மா எழுதிவைத்த "வெந்தயம் பாதி போதும், கசந்தது" என்ற திருத்தம் எந்தக் காணொளியில் கிடைக்கும்? மெட்ரிக் அளவுகள் 1960-களில் கட்டாயமான பிறகும் எங்கள் வீட்டுச் சமையல் படியிலும் ஆழாக்கிலும்தான் நடந்தது. பாட்டி சொன்ன மாவடுக் குறிப்பில் படிக்கணக்கில் வடுவும் ஆழாக்குக் கணக்கில் உப்பும் போட்டிருக்கும். ஓரத்தில், "இது பட்டணம் படி" (சென்னையில் வழங்கிய படி; எங்கள் ஊர்ப் படியின் அளவு வேறு) என்று தொடங்கி அம்மா இரண்டு வரி எழுதியிருந்தார். உப்பு குறைந்தால் வடு அழுகும், கூடினால் வாயில் வைக்க முடியாது என்பதால், அந்த இரண்டு வரிகள்தாம் அந்தக் குறிப்பின் உயிர்.

அந்தத் தாளைத்தான், பாதுகாக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, உறவினர் ஒருவர் என்னைக் கேட்காமலே லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோனார். பிளாஸ்டிக் உறையின் அளவுக்குப் பொருந்தவில்லை என்று கடையில் ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டார்கள். மிச்சமாவது பிழைத்ததா என்றால் அதுவும் இல்லை. மலிவான தாளில் மரக்கூழின் லிக்னின் என்ற பொருள் தங்கியிருப்பதால் வெளிச்சமும் காற்றும் பட்டு அது பழுத்து நொறுங்குகிறது. அதில் ஊறும் அமிலத்தையும் உள்ளேயே அடைத்து, சூட்டில் உருகிய பசையால் ஒட்டிவிட்டால், பிறகு தாளைக் கிழிக்காமல் பிரிப்பது மிகக் கடினம். செல்லோடேப் ஒட்டுவதும், துருப்பிடிக்கும் குண்டூசியால் குத்துவதும், உருகி ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பேண்டு போடுவதும் இதே கொடுமைதான். முதலில் நான்கு ஓரமும் தெரிய இரு பக்கமும் படமெடுங்கள், அடுப்படிக்கு நகலை வைத்துக்கொள்ளுங்கள், மூலத்தை அமிலமற்ற தாளுறையில் இருட்டான, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! இதற்கு ஒரு பிற்பகல் போதாதா?

லேமினேஷனுக்கு முன்பே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தத் தாளின் படம் ஒன்று வந்திருந்தது நினைவுக்கு வந்து, நேற்று இரவு முழுவதும் தேடி எடுத்தேன். எண்ணெய்க் கறை அசிங்கமாகத் தெரிகிறது என்று அதிலும் ஓரத்தை வெட்டித்தான் அனுப்பியிருக்கிறார்கள். மாசி பிறந்து சந்தைக்கு வடு வந்துவிட்டது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தும், "நம் ஊர்ப் படிக்கு உப்பு" என்பதற்கு மேல் ஓர் எழுத்தும் இல்லை.