முன்கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டுக் கருவி தோற்றது என்பது நியாயமா?

சென்ற வாரம் குன்னூர் கூட்டத்தில் எடுத்த காணொளியை இதற்குள் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். விபத்தில் சிக்கியவர்கள் காரின் கண்ணாடியை உடைக்கவும் சீட் பெல்ட்டை அறுக்கவும் நாங்கள் செய்த அவசரக் கருவியை ஒரு தம்பி கழித்துப்போட்ட காரின் முன்கண்ணாடியில் வைத்து அழுத்துகிறார். வெள்ளையாக ஒரு புள்ளியும் நாலைந்து விரிசல்களும் விழுகின்றன, கண்ணாடி அப்படியே நிற்கிறது, சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். "அது முன்கண்ணாடி, கதவுக் கண்ணாடியில் வையுங்கள்" என்று நான் சொல்வதும் அதில் தெளிவாகக் கேட்கிறது. அதை ஒருவர்கூடப் பொருட்படுத்தவில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

முன்கண்ணாடி உடைந்து விழக் கூடாது என்பதற்காகவே செய்யப்பட்டது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி அது. சட்டமும் அதைத்தான் கேட்கிறது. பெரும்பாலான கார்களின் கதவுக் கண்ணாடி டெம்பர்டு வகை. அதைச் சூடேற்றிச் சட்டென்று காற்றால் குளிர்விப்பதால் மேற்பரப்பு இறுகியும் உட்பகுதி இழுபட்டும் இருக்கும். கையால் குத்தினாலும் உடையாத அந்தக் கண்ணாடியின் ஓரத்தில் கடினமான கூர்முனை ஒன்று ஆழமாகத் தைத்தால், அடக்கி வைத்த விசை முழுவதும் ஒரே நொடியில் வெளிப்பட்டுக் கண்ணாடி சிறு துண்டுகளாகக் கொட்டிவிடும். எங்கள் கருவி இந்தக் கண்ணாடிக்கானது. உடையவே கூடாத கண்ணாடியில் சோதித்துவிட்டு உடையவில்லை என்று சொல்வது சோதனையே ஆகாது.

இதை ஏன் செய்யத் தொடங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் என் சித்தப்பாவின் கார் தேயிலைச் சரிவில் தலைகீழாகக் கவிழ்ந்தது. கூரை நசுங்கிக் கதவுகள் இறுகிவிட்டன. உடல் எடை முழுவதும் பெல்ட்டில் தொங்கியதால் அதன் பொத்தான் அழுந்தவில்லை. ஓடிவந்த தோட்டத் தொழிலாளர்கள் கல்லால் கண்ணாடியின் நடுவில் அடிக்க அடிக்க, கல் தெறித்துத் திரும்பியது. கடைசியில் எப்படியோ கண்ணாடி உடைந்ததும் ஒருவர் கவாத்துக் கத்தியை உள்ளே விட்டுப் பெல்ட்டை அறுத்தார். அந்தக் கத்தி சித்தப்பாவின் கழுத்துக்கு எவ்வளவு அருகில் போய் வந்தது என்பதை நான் பார்த்தேன். எங்கள் கருவியில் பிளேடு வெளியே தெரியாமல், பெல்ட் மட்டுமே நுழையும் ஒடுங்கிய பிளவுக்குள் இருப்பது அதனால்தான்.

கண்ணாடிக்கு நாங்கள் சுத்தியலைத் தேர்ந்தெடுக்கவில்லை. கவிழ்ந்த வண்டிக்குள் கை வீச இடம் கிடையாது. தண்ணீருக்குள் வீசினால் விசையே இருக்காது. லேத் பட்டறைகளில் துளையிடும் இடத்தைக் குறிக்கப் பயன்படும் ஆட்டோமேட்டிக் சென்டர் பஞ்சின் அமைப்பைத்தான் எடுத்துக்கொண்டோம்: அழுத்தும்போது உள்ளிருக்கும் ஸ்பிரிங் சுருங்கி, எல்லை வந்ததும் விடுபட்டு, மிகக் கடினமான கார்பைடு முனையை அடிக்கும். கோவை உக்கடத்துப் பழைய உதிரிபாகக் கடைகளில் கதவுக் கண்ணாடிகளை வாங்கி வந்து, கம்பளிக் கையுறையோடும், ஈரக் கையோடும், கண்ணைக் கட்டிக்கொண்டும் அழுத்திப் பார்த்தோம். மணல் மூட்டையைப் பெல்ட்டில் தொங்கவிட்டு அறுத்துப் பார்த்தோம். ஊட்டியின் உறைபனிக் காலையில் உள்ளே இருந்த கிரீஸ் இறுகி ஸ்பிரிங் மந்தமானதால் அதையும் மாற்றினோம். இவற்றில் ஒன்றுகூட அந்தக் காணொளியில் இல்லை.

"ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றி அதன் கம்பியால் உடைத்துவிடலாமே" என்று, இருக்கையின் மேல் தலை சாய்க்கும் பகுதியைச் சொல்லிப் பலர் எழுதியிருக்கிறீர்கள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, நசுங்கிய கூரையில் இடிக்கும் ஹெட்ரெஸ்ட்டை எப்படி உருவுவீர்கள்? பல கார்களில் அது இருக்கையோடு சேர்ந்தே வருகிறது, கழற்றவே முடியாது. இந்தக் கருவி திருடர்களுக்கு உதவும் என்கிறார்கள் சிலர். திருடனுக்கு வேறு வழியா இல்லை?

ஒரு கேள்வியை மட்டும் மதிக்கிறேன்: கதவிலும் லேமினேட்டட் கண்ணாடி உள்ள கார்களில் என்ன செய்வது? அங்கே இந்தக் கருவி உதவாது. அமெரிக்காவில் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு 2019இல் 6 கருவிகளைச் சோதித்தபோது 4 கருவிகள் டெம்பர்டு கண்ணாடியை உடைத்தன. லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. ஆனால் அத்தகைய கார்கள் பலவற்றிலும் பின்கதவோ பின்கண்ணாடியோ டெம்பர்டாக இருக்கும். எது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விற்றுப் பணம் பண்ணப் பார்க்கிறேன் என்பவர்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. இதுவரை செய்தவை எல்லாம் ஊட்டி அருகே கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் ஏறி இறங்கும் டாக்ஸிக்காரர்களிடம் இலவசமாகத்தான் போயிருக்கின்றன. வரைபடத்தை எந்தப் பட்டறைக்காரர் கேட்டாலும் தருகிறேன். சித்தப்பா இன்னமும் இடது தோளைத் தூக்க முடியாமல் சட்டை மாட்டுகிறார். அதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவனிடம் லாபக் கணக்கு கேட்கிறீர்கள்.

கருவி வேண்டாம் என்றால் விடுங்கள். இன்று வண்டியை நிறுத்தும்போது ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் அச்சிட்டிருக்கும் சிறு எழுத்துகளைப் பாருங்கள். டெம்பர்டா, லேமினேட்டடா என்று அதில் போட்டிருக்கும். கருவி வைத்திருப்பவர்கள் அதைக் கதவோரத்தில், பெல்ட் போட்டபடியே கை எட்டும் இடத்தில் பொருத்துங்கள். டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்தால் கவிழ்ந்த பிறகு எட்டாது. எழுத்து தேய்ந்து புரியாதவர்கள் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.