பத்திரம் இருக்கிறது, பட்டாதான் இல்லை

பத்திரம் பதிந்துவிட்டால் நிலம் நம்முடையது என்று நினைக்கிறோமே, அது பாதிதான் உண்மை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவாவது ஆவணம் மட்டுமே; விற்றவருக்கு உண்மையில் உரிமை இருந்ததா என்பதற்கு அரசு உத்தரவாதம் தருவதில்லை. அப்புறம் வருவாய்த்துறை தரும் பட்டாவுக்குப் பல நேரம் தனியாக ஓட வேண்டும். தமிழ்நாட்டில் 1980களில் நில ஏடுகளைப் புதுப்பிக்க நடந்த யூடிஆர் பதிவில் எங்கள் தாத்தாவின் பெயரை யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள், அதைத் திருத்த அப்பா அலைந்தார், இப்போது நான் அலைகிறேன், போகும்போதெல்லாம் வேறொரு சான்று கேட்கிறார்கள். தப்பாக எழுதியது அவர்கள், நிரூபிக்க வேண்டியது நாங்களா?

2008இல் மத்திய அரசு நில ஆவணங்களை நவீனப்படுத்தும் திட்டத்தைத் தொடங்கியபோது, அரசே உத்தரவாதம் தரும் உரிமைச் சான்றுதான் இலக்கு என்றார்கள். ஆனால் பல இடங்களில் பழைய ஏடு அப்படியே கணினியில் ஏறியது, பிழையும் கூடவே ஏறியது. உத்தரவாதம் என்றால் களத்தில் இறங்கி அளக்க வேண்டும், தவறினால் இழப்பீடு தர வேண்டும், பதிவுத்துறையும் வருவாய்த்துறையும் ஆளுக்குக் கொஞ்சம் அதிகாரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். நிலம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் மத்திய அரசு பணம் தரலாம், சட்டத்தை மாநிலம்தான் இயற்ற வேண்டும். அதற்கு எந்தக் கட்சியும் அவசரப்படுவதாகத் தெரியவில்லை. ஏடு தெளிவானால் யார் எதை வளைத்துப் போட்டார்கள் என்பதும் தெரிந்துவிடுமே.