வளைத்துப் போடுவதும் வாங்கிக்கொள்வதும் ஒன்றாம்!

ஆங்கிலத்திலிருந்து ஜப்பானிய மொழிக்கு நான் மொழிபெயர்த்த ஒரு விளம்பரப் பக்கத்தில் என் சொல் ஒன்றை மாற்றிவிட்டார்கள் என்று நேற்று ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டேன். அதற்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். "ஒரு வார்த்தைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று நெருங்கிய நண்பரே கேட்டுவிட்டார். சரி, அந்த ஒரு வார்த்தையைப் பற்றியே பேசுவோம்.

ஆங்கில மூலத்தில் இருந்தது இவ்வளவுதான்: சிறு விவசாயிகளின் நெல் விளைச்சல் முழுவதையும் நிறுவனமே 'பை அப்' (buy up) செய்துகொள்கிறது, அதனால் அவர்களுக்கு நஷ்டமில்லை. நான் 'ஸென்ர்யோ கைதொரு' என்று எழுதினேன். முழு அளவையும் விலை கொடுத்து எடுத்துக்கொள்வது. ஜப்பானில் பழைய பொருள் வாங்கும் கடைகளின் பலகையில் அதன் பெயர்ச்சொல்லான 'கைதொரி' என்று கொட்டை எழுத்தில் இருக்கும், யாரும் முகம் சுளிப்பதில்லை. சரிபார்த்தவர் அதை அடித்துவிட்டு 'கைஷிமெரு' என்று மாற்றினார். பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு: "அகராதிப்படி இதுவே சரி."

கைஷிமெரு என்றால் அடுத்தவனுக்குக் கிடைக்காதபடி மொத்தத்தையும் வளைத்துப் போடுவது. விவசாயிக்குக் கைகொடுக்க வந்தவர்கள் ஒரே சொல்லில் பதுக்கல்காரர்கள் ஆகிவிட்டார்கள். நம் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் 'நெல் வளைத்துப் போடும் நிலையம்' என்று போர்டு வைத்தால் சும்மா இருப்பீர்களா?

அதுவும் அரிசி விஷயத்தில்! 1918-ல் ஜப்பானில் வியாபாரிகள் அரிசியை கைஷிமெ (கைஷிமெருவின் பெயர்ச்சொல்) செய்கிறார்கள் என்ற கோபத்தில்தான் ஊர் ஊராகக் கலவரம் வெடித்தது. தொயாமா மாகாணத்தின் உஒஸுவில் மீனவர் வீட்டுப் பெண்கள் கப்பலில் அரிசி ஏற்றுவதைத் தடுக்கத் திரண்டதில் தொடங்கி, செப்டம்பரில் பிரதமர் தெராஉச்சியின் அமைச்சரவையே விலக வேண்டியதாயிற்று. 1973-ல் பதுக்கலுக்கு எதிராகக் கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. சட்டம் போட்டுத் தடுத்த காரியத்தை நம் ஆட்கள் விளம்பரத்தில் பெருமையாகச் சொல்கிறார்கள்.

2024 ஆகஸ்டில் நான் ஒசாகாவில் இருந்தேன். கடைகளில் அரிசி இல்லை. இருந்த இடத்திலும் குடும்பத்துக்கு ஒரு பைதான். பக்கத்து வீட்டுப் பாட்டி இரண்டு பைகளோடு படியேறி வந்தவர், என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நான் எதுவும் கேட்கவில்லை. "கைஷிமெ இல்லம்மா, ஒன்று மகளுக்கு, அவளே வந்து வாங்கினாள்" என்று தலையைக் குனிந்து சொன்னார். அந்தச் சொல் தன்மேல் ஒட்டிவிடக் கூடாது என்று அந்த வயதில் அவ்வளவு பதற்றம்.

"அகராதியில் இருக்கிறதே?" என்று கீழே கேட்கிறார்கள். இருக்கிறது, யார் இல்லையென்றது? சந்தையில் ஒருத்தன் பங்குகளையெல்லாம் சுருட்டினால் அது கச்சிதமாகப் பொருந்தும். கம்பெனியையே வாங்கினால் 'பைஷூ'. ஓட்டுக்குக் காசு கொடுப்பதற்கும் அதே 'பைஷூ'தான். அதையும் அகராதிப்படியே போட்டுவிடலாமா?

"படிப்பவர்களுக்குப் புரிந்துவிடும்." நன்றாகவே புரியும். அதுதானே என் கவலை!

"மெஷினே செய்துவிடும்." செய்யட்டும். அப்புறம் ஏன் ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு போன்?

"சென்னைக்காரிக்கு ஜப்பானிய மொழியில் என்ன தெரியும்" என்று எழுதியவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை. என் சொல்லை அடித்தவரும் சென்னைதான், அவரிடம் யாரும் இதைக் கேட்கவில்லை. வேலை கொடுத்தவர்களுக்கு மூன்று பக்கம் விளக்கம் எழுதி அனுப்பினேன். "சின்ன ஸ்டைல் மாற்றம்தானே மேடம்" என்று ஒரு வரி வந்தது, கூடவே சிரிக்கும் பொம்மை. அதே மெயிலில், அடுத்த மாதத்திலிருந்து மெஷின் மொழிபெயர்த்துத் தருமாம், நான் "லேசாகப் பார்த்துக் கொடுத்தால்" போதுமாம், ரேட் பாதியாம்!

லேசாகப் பார்த்துத்தான் கைஷிமெரு போயிருக்கிறது. பக்கம் இன்னும் இணையத்தில் அப்படியே இருக்கிறது. பாதி ரேட்டுக்கு ஆள் தேடிக்கொள்ளட்டும். நான் பார்க்கப் போவதில்லை.