சீறாப்புராணம் சீதக்காதி காலத்தில் அரங்கேறியதா?

கீழக்கரைக் குடும்பக் குழுக்களில் ஒரு பதிவு சுற்றுகிறது: “சீறாப்புராணத்தை வள்ளல் சீதக்காதி முழுச் செலவும் ஏற்று அரங்கேற்றினார், நூல் முழுக்க உமறுப் புலவர் அவரையே பாடியிருக்கிறார்.” இது தவறு.

நபிகள் நாயகத்தின் வாழ்வைச் சொல்லும் இந்தக் காப்பியத்தைப் பாட உமறுப் புலவரைத் தூண்டி ஆதரித்தவர் சீதக்காதி என்பதே வழிவழி வரும் செய்தி. அதில் சண்டையில்லை. ஆனால் நூல் முடியுமுன்னே அவர் காலமாகிவிட்டார். பிறகு புலவரைத் தாங்கியவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். 5,027 பாடல்கள் கொண்ட அந்த நூலுக்குள் புலவர் நன்றியோடு புகழ்வதும் அவரைத்தான். நூலைப் புரட்டினாலே தெரியும்.

சீதக்காதிக்கு இரவல் புகழ் எதற்கு? செய்கு அப்துல் காதிர் என்ற பெயரே மக்கள் வாயில் சீதக்காதி ஆயிற்று. கடல் வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டியவர், இராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் அவையில் செல்வாக்கோடு இருந்தவர். ‘செத்தும் கொடுத்தான்’ என்று ஊர் இன்றும் சொல்கிறதே, அது அவர் கொடைக்கு.

அந்தப் பதிவைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து அபுல் காசிம் பெயரையும் சேர்த்துத் திருத்திப் போடுங்கள். பாதியில் நின்றிருக்கக்கூடிய காப்பியத்தைக் கைவிடாமல் காத்தவர் அவர்.